பாட்டில் மீண்டும் பாட்டில் ஆகுமா?

கற்றல் நோக்கங்கள்

• நெகிழிப் பாட்டில் மறுசுழற்சி செய்யப்படும் முறையைப் படிப்படியாக விளக்குதல்.
• ‘மறுசுழற்சி’ என்னும் சொல்லின் பொருளை நடைமுறையோடு ஒப்பிட்டுச் சிந்தித்தல்.
• அறிவியல் செய்திகளை எளிய தமிழில் எடுத்துரைக்கும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

பழைய செய்தித்தாள்களையும் காலிப் பாட்டில்களையும் வாங்க வருபவரைத் தில்லியில் ‘கபாடிவாலா’ என்பர்; புனேயில் ‘பங்கார்வாலா’ என்பர். சென்னையில் அப்பொருள்கள் சென்று சேரும் இடத்திற்குக் ‘காயலான் கடை’ என்று பெயர். பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் தொழில் ஒன்றே. அக்கடைக்குச் சென்ற ஒரு தண்ணீர் பாட்டில் அதன்பின் என்ன ஆகிறது? அது மீண்டும் தண்ணீர் பாட்டிலாகவே திரும்பி வருகிறதா? இப்பாடம் அவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

ஒரு பாட்டிலின் அரைமணி நேரம்

புனே இரயில் நிலையம். தொலைதூரம் செல்லும் இரயில் ஒன்று நடைமேடையில் வந்து நிற்கிறது. பயணி ஒருவர் இறங்கி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார். அரைமணி நேரத்திற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. பாட்டிலின் பயன் அவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. ஆனால், பாட்டில் முடிந்துவிடவில்லை. அது மட்கும் பொருளன்று. மண்ணில் விழுந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். வெயிலில் காய்ந்து சிறு சிறு துணுக்குகளாக உடையுமேயன்றி மண்ணோடு மண்ணாகாது.

அந்தக் காலிப் பாட்டிலுக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. உணவு மிச்சத்தோடு சேர்ந்து குப்பைமேட்டிற்குச் செல்வது ஒன்று. பிரித்தெடுக்கப்பட்டு ஆலைக்குச் சென்று வேறொரு பொருளாவது மற்றொன்று. எவ்வழியில் அது செல்லும் என்பது, பெரும்பாலும், எறியப்படும் அந்த ஒரு நொடியிலேயே முடிவாகிவிடுகிறது.

இழையாகப் பிறந்தது

தண்ணீர் பாட்டில்கள் ‘பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்’ என்னும் நெகிழியால் செய்யப்படுகின்றன. இதனைச் சுருக்கமாகப் ‘பெட்’ என்று அழைப்பர். பாட்டிலின் அடியில் முக்கோண வடிவில் அமைந்த அம்புக்குறிகளின் நடுவே ‘1’ என்னும் எண் இருந்தால் அது பெட் நெகிழி. இவ்வாறு 1 முதல் 7 வரை எண்ணிட்டு நெகிழி வகைகளைக் குறிக்கும் முறை 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது.

பெட் நெகிழி பாட்டிலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று என்பது வியப்பூட்டும் செய்தி. 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விண்பீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலாளர்கள் துணி நெய்வதற்கான இழையாகவே இதனை உருவாக்கினர். ‘டெரிலீன்’ என்று பெயர்பெற்ற அவ்விழை உலகெங்கும் பரவியது. தாத்தாக்கள் இளமையில் விரும்பி அணிந்த ‘டெரிகாட்டன்’ சட்டையில் பருத்தியோடு கலந்திருந்ததும் இதே பொருள்தான். பிறகு, அமெரிக்கப் பொறியாளர் நத்தானியேல் வைத் என்பவர் பெட் நெகிழியைக் காற்றால் ஊதிப் பாட்டிலாக்கும் முறையைக் கண்டறிந்து 1973இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடியைப் போலத் தெளிவு, கீழே விழுந்தாலும் உடையாத உறுதி, மிகக் குறைந்த எடை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததால் பெட் பாட்டில் விரைவில் எங்கும் நிறைந்தது.

நாற்பது முறை குனிதல்

இரயில் புறப்பட்டுச் சென்றபின் நடைமேடையிலும் தண்டவாள ஓரத்திலும் கிடக்கும் பாட்டில்களை யார் எடுக்கிறார்கள்? இந்திய நகரங்களில் இப்பணியைப் பெரிதும் செய்வோர் கழிவு சேகரிப்போர். தோளில் சாக்குப்பையுடன் விடியுமுன் புறப்படும் இவர்கள், தெருவோரத்திலும் குப்பைத் தொட்டியிலும் குப்பைமேட்டிலும் பாட்டில்களைத் தேடி எடுக்கின்றனர்.

ஒரு லிட்டர் பாட்டிலின் எடையை ஏறத்தாழ 25 கிராம் எனக் கொண்டால், ஒரு கிலோ சேர்வதற்கு 40 பாட்டில்கள் வேண்டும். அதாவது, ஒரு கிலோவிற்கான விலையைப் பெற ஒருவர் 40 முறை குனிந்து நிமிர வேண்டும். அப்பாட்டில்கள் நசுக்கப்படாமல் இருந்தால் சாக்குப்பையில் நெகிழியை விடக் காற்றே மிகுதியாக நிறையும். பாட்டிலுக்குள் எச்சில் நீரோ, வெற்றிலைக் கறையோ, சிகரெட் துண்டோ இருந்தால் அதற்கு விலை குறையும். உணவுக் கழிவோடு கலந்து அழுகிய நிலையில் கிடைத்தால், அதனை எடுப்பவரின் கைகளுக்குப் புண்ணும் நோயும் வரக்கூடும்.

சேகரித்தவர் தம் பாட்டில்களைப் பழைய பொருள் கடையில் எடைக்கு விற்கிறார். சிறு கடைக்காரர் பெரிய வணிகருக்கு விற்கிறார். பெரிய வணிகரிடம் பாட்டில்கள் நிறத்தின்படி பிரிக்கப்படுகின்றன. நிறமற்ற தெளிந்த பாட்டிலுக்கே விலை மிகுதி. பச்சை நிறத்திற்கு அதனினும் குறைவு. பல நிறங்கள் கலந்தால் மேலும் குறைவு. தெளிந்த நெகிழியை எந்த நிறமாகவும் மாற்றலாம். நிறமேறிய நெகிழியைத் தெளிந்ததாக மாற்ற இயலாது என்பதே இதற்குக் காரணம். பின்னர் அவை பெரும் எந்திரத்தால் அழுத்தப்பட்டுப் பொதிகளாகக் கட்டப்பட்டு ஆலைக்கு அனுப்பப்படுகின்றன.

ஆலைக்குள் நடப்பது

ஆலையில் பொதி பிரிக்கப்பட்டதும் பாட்டில்கள் மீண்டும் ஒருமுறை தரம் பிரிக்கப்படுகின்றன. பெரிய ஆலைகளில் அகச்சிவப்புக் கதிர்களைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நெகிழியின் வகையை அறியும் கருவிகள் உள்ளன. ஆயினும், நகரும் பட்டையின் இருபுறமும் நின்று கைகளால் பிரிக்கும் தொழிலாளர்களின் கண்களே இன்றும் பல ஆலைகளில் இறுதித் தீர்ப்பு வழங்குகின்றன.

அடுத்து, பாட்டில்கள் எந்திரத்தில் வெட்டப்பட்டு நகத்தின் அளவுள்ள செதில்களாகின்றன. அச்செதில்கள் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவப்படுகின்றன. ஒட்டியிருந்த பசையும் அழுக்கும் எண்ணெயும் அப்போது நீங்குகின்றன.

இனி வருவது இம்முறையின் மிக எளிய, மிக அழகிய படி. பாட்டில் பெட் நெகிழியால் ஆனது. மூடியோ பாலிபுரோப்பிலீன் அல்லது அடர்வுமிகு பாலிஎத்திலீன் என்னும் வேறு நெகிழியால் ஆனது. வெட்டும்போது இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. எப்படிப் பிரிப்பது? செதில்கள் ஒரு நீர்த்தொட்டியில் இடப்படுகின்றன. பெட் நெகிழி நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே அடியில் மூழ்குகிறது. மூடியின் துண்டுகள் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. ஆகவே மேலே மிதக்கின்றன. அரிசி களையும்போது உமி மிதப்பதும் அரிசி அடியில் தங்குவதும் இதே முறைதான்.

கழுவிய செதில்கள் நன்கு உலர்த்தப்பட வேண்டும். பெட் நெகிழியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. ஈரம் எஞ்சியிருக்கும் நிலையில் அவற்றை உருக்கினால், நீர் அச்சங்கிலிகளை ஆங்காங்கே அறுத்துவிடும். சங்கிலி குறுகினால் நெகிழி வலுவிழக்கும். எனவே, உலர்த்தியபின்பே 250 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் செதில்கள் உருக்கப்படுகின்றன. உருகிய நெகிழி வடிகட்டப்பட்டு, சிறு குருணைகளாகவோ நேரடியாக இழையாகவோ மாற்றப்படுகிறது.

வட்டமா, சரிவா?

‘சுழற்சி’ என்னும் சொல் ஒரு வட்டத்தை நினைவூட்டுகிறது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதே வட்டம். ஆனால், இந்தியாவில் சேகரிக்கப்படும் பாட்டில்களில் பெரும்பகுதி பாட்டிலாகத் திரும்புவதில்லை, இழையாகவே மாறுகிறது. உருகிய நெகிழி, சல்லடை போன்ற தகட்டின் நுண்துளைகள் வழியே அழுத்தப்பட்டு நூலாக வெளிவருகிறது. அது தலையணைப் பஞ்சாகவும், தரைவிரிப்பாகவும், பைகளாகவும், ஆடைகளாகவும் உருப்பெறுகிறது. 2015ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியக் கிரிக்கெட் அணி அணிந்த சீருடையும் இவ்வாறு பாட்டில்களிலிருந்து பெற்ற இழையால் ஆனதே.

துணிக்காகப் பிறந்த பொருள் மீண்டும் துணியாவது நல்லதுதானே என்று தோன்றலாம். குப்பைமேட்டிற்குச் செல்வதை விட அது நல்லதே. புதிய நெகிழிக்குத் தேவையான கச்சா எண்ணெயும் ஆற்றலும் அதனால் மிச்சமாகின்றன. ஆனால், அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆடையில் அவ்விழை பருத்தியோடும் சாயத்தோடும் பிற இழைகளோடும் கலந்துவிடுகிறது. அவ்வாடை கிழிந்தபின் அதிலிருந்து பெட் நெகிழியைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. எனவே, பாட்டில் ஆடையாகிறது. ஆடை பெரும்பாலும் குப்பையாகிறது. இது வட்டமன்று, மெல்ல இறங்கும் ஒரு சரிவு. அதே வேளையில், அடுத்த பாட்டிலைச் செய்வதற்கு மீண்டும் புதிய கச்சா எண்ணெய் தேவைப்படுகிறது.

பாட்டிலைப் பாட்டிலாகவே திரும்பச் செய்ய இயலாதா? இயலும். இழைக்குத் தேவைப்படுவதை விட நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பாட்டிலுக்குத் தேவை. அதற்காகக் குருணைகளை உருகாத அளவில், ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில், காற்று நீக்கிய கலத்தில் பல மணி நேரம் வைக்கின்றனர். அறுந்த சங்கிலிகள் அப்போது மீண்டும் இணைந்து நீள்கின்றன. உள்ளே ஊறியிருந்த மணமும் மாசும் வெளியேறுகின்றன. உணவைத் தொடும் பொருள் என்பதால் மிகத் தூய்மையான செதில்களே இதற்கு ஏற்றவை.

இந்தியாவில் முன்னர் உணவுப் பொருள்களைப் பொதிவதற்கு மறுசுழற்சி நெகிழி அனுமதிக்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டில்தான் உரிய தரக் கட்டுப்பாடுகளோடு அதற்கு வழி திறந்தது. அதே ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், கெட்டியான நெகிழிப் பொதிகலன்களைத் தயாரிப்போர் 2025–26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சி நெகிழியைச் சேர்க்க வேண்டும் என்றும், அதனைப் படிப்படியாக 2028–29இல் 60 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்றும் இலக்கு வகுத்தன. இவ்விலக்கை எட்டத் தூய்மையான பாட்டில்கள் பெருமளவில் தேவை. அவை எங்கிருந்து வரும் என்பதே இப்போதைய வினா.

எவ்வாறு மேம்படுத்தலாம்?

முதலாவது, வடிவமைப்பு. பாட்டிலைத் தயாரிக்கும்போதே அதன் முடிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சில பாட்டில்களின்மேல் பிவிசி என்னும் நெகிழியாலான மேலுறை இறுக்கமாகச் சுற்றப்படுகிறது. பிவிசியும் நீரில் மூழ்கும். ஆகவே மிதவைத் தொட்டியில் அது பெட் நெகிழியை விட்டுப் பிரிவதில்லை. உருக்கும்போது அது சிதைந்து அமிலத்தை வெளியிட்டு, உடனிருக்கும் பெட் நெகிழியையும் மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். அதற்கு மாறாக, மிதக்கும் மேலுறையையும், வெந்நீரில் எளிதில் கரையும் பசையையும், நிறமற்ற பாட்டிலையும் பயன்படுத்தினால் ஆலையின் வேலை எளிதாகும். மூடி தனியே கழன்று மண்ணில் தொலைந்துபோவதைத் தடுக்க, ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு சூலை முதல் மூடி பாட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று விதித்தது.

இரண்டாவது, பிரித்தல். ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஆணையிட்டன. பச்சைத் தொட்டி ஈரக் கழிவுக்கு. நீலத் தொட்டி உலர் கழிவுக்கு. சாம்பாரில் ஊறிய பாட்டிலுக்கும், காலிசெய்து நசுக்கி நீலத் தொட்டியில் இட்ட பாட்டிலுக்கும் நெகிழி ஒன்றே. ஆனால் விலையும் பயனும் வேறு. முன்னது இழையாவதே அரிது. பின்னது மீண்டும் பாட்டிலாகவும் கூடும்.

மூன்றாவது, வைப்புத்தொகை. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒரு காலத்தில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி விற்போர் வருவதுண்டு. துருப்பிடித்த ஆணியையும் உடைந்த தகரத்தையும் சிறுவர்கள் தேடித்தேடிச் சேர்த்து வைத்ததற்கு அந்தப் பேரீச்சம்பழமே காரணம். திருப்பிக் கொடுத்தால் ஏதேனும் கிடைக்கும் என்னும் நிலை இருந்தால், எந்தப் பொருளும் தெருவில் கிடக்காது. வைப்புத்தொகைத் திட்டமும் இவ்வெண்ணத்தின் அடிப்படையில் அமைந்ததே. பாட்டில் வாங்கும்போது ஒரு சிறு தொகை கூடுதலாகச் செலுத்தப்படும். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அத்தொகை திரும்பக் கிடைக்கும். செர்மனியில் 2003ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. அங்கு ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு கேதார்நாத் யாத்திரையில் இத்தகைய திட்டம் செயல்படுத்தப்பட்டது. பாட்டில்களில் கியூஆர் குறியீடு ஒட்டப்பட்டு, ஒன்றுக்கு 10 ரூபாய் வைப்புத்தொகையாகப் பெறப்பட்டது. குப்பை வண்டி செல்ல இயலாத மலைப்பாதையிலும் பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வர அது வழிசெய்தது.

நான்காவது, உழைப்பிற்கு மதிப்பு. புனே நகரின் கழிவு சேகரிப்போர் 1993ஆம் ஆண்டில் ஒன்றுகூடி ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்னும் சங்கத்தை அமைத்தனர். காகத் என்பது காகிதம். காச் என்பது கண்ணாடி. பத்ரா என்பது தகரம். கஷ்டகரி என்போர் உழைப்பாளர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவ்வியக்கத்திலிருந்து ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. அதன் உறுப்பினர்கள் புனே மாநகராட்சியுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வீடு வீடாகச் சென்று, பிரிக்கப்பட்ட கழிவைப் பெறுகின்றனர். ஒவ்வொரு வீடும் அவர்களுக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறது. பாட்டில் முதலியவற்றை விற்று வரும் பணமும் அவர்களுக்கே உரியது. குப்பைமேட்டில் கிளறி எடுத்த கைகள் வீட்டு வாசலில் நேரடியாகப் பெறும் கைகளாயின. பாட்டிலும் தூய்மையாகக் கிடைத்தது. அதனை எடுப்பவருக்கும் பாதுகாப்பும் மதிப்பும் கிடைத்தன. வைப்புத்தொகைத் திட்டங்களை வகுக்கும்போதும் இவர்களின் வருவாய் பறிபோகாமல் இவர்களையும் அத்திட்டத்தில் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது.

திரும்பத் திரும்ப நிரப்புதல்

மறுசுழற்சியினும் சிறந்த வழி ஒன்றுண்டு. அது தமிழர்க்குப் புதிதன்று. கோலி சோடா பாட்டிலை யாரும் எறிந்ததில்லை. சோடாவைக் குடித்து முடித்தவுடன் கண்ணாடிப் பாட்டில் கடைக்காரரின் பெட்டிக்கே திரும்பும். கழுவி மீண்டும் நிரப்பப்படும். உருக்கவும் வேண்டா, செதிலாக வெட்டவும் வேண்டா. உண்மையான வட்டம் அதுவே.

சிக்கிம் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள லாச்சென் என்னும் மலையூர், 2012ஆம் ஆண்டிலேயே நெகிழிப் பாட்டில் தண்ணீரைத் தடை செய்தது. பின்னர் 2022ஆம் ஆண்டு சனவரி முதல் சிக்கிம் மாநிலம் முழுவதும் அத்தகைய தடை விதிக்கப்பட்டது. தூய குடிநீர் எளிதில் கிடைக்கும் இடத்தில் மக்கள் பாட்டிலை விலைகொடுத்து வாங்கும் தேவை குறைகிறது. எனவே, பள்ளியிலும் இரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் நல்ல குடிநீர்க் குழாய் அமைப்பதும் பாட்டில் சிக்கலுக்கு ஒரு தீர்வே.

மீண்டும் அந்த நடைமேடை

புனே நடைமேடையில் அடுத்த இரயில் வந்து நிற்கிறது. பயணியரின் கைகளில் பாட்டில்கள். ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எஃகுக் குடுவையில் குழாய் நீரை நிரப்பிக்கொள்கிறார். அவரால் ஒரு பாட்டில் உருவாகாமலே தடுக்கப்பட்டது. மற்றொருவர் காலிப் பாட்டிலை நசுக்கி, மூடியிட்டு, உலர் கழிவுத் தொட்டியில் இடுகிறார். அது ஒருவேளை மீண்டும் பாட்டிலாகலாம். இன்னொருவர் சன்னல் வழியே தண்டவாளத்தில் எறிகிறார். அதற்காக ஒருவர் வெயிலில் குனிந்தாக வேண்டும்.

மூவரின் கைகளிலும் இருந்தது ஒரே 25 கிராம் எடையே. அதனை வட்டத்தில் சேர்ப்பதா, சரிவில் விடுவதா என்பதை ஆலை எந்திரம் முடிவு செய்வதில்லை. அது சென்றடைவதற்கு முன்பே அம்முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

சொல்லும் பொருளும்

நெகிழி – பிளாஸ்டிக்
மட்குதல் – மண்ணோடு கலந்து சிதைதல்
பொதி – அழுத்திக் கட்டிய மூட்டை
செதில் – மெல்லிய சிறு துண்டு
குருணை – அரிசி நொய் போன்ற சிறு மணி
அடர்த்தி – குறிப்பிட்ட பருமனில் அடங்கிய நிறை
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்குச் சட்டம் வழங்கும் தனி உரிமை
வைப்புத்தொகை – திரும்பப் பெறத்தக்க முன்பணம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பெட் நெகிழி முதன்முதலில் ............ ஆக உருவாக்கப்பட்டது.
(க) பாட்டில் (ங) இழை (ச) மூடி
2. நீர்த்தொட்டியில் இடப்படும்போது பெட் செதில்கள் ............
(க) மிதக்கும் (ங) கரையும் (ச) மூழ்கும்
3. கேதார்நாத் யாத்திரையில் ஒரு பாட்டிலுக்குப் பெறப்பட்ட வைப்புத்தொகை ............
(க) 2 ரூபாய் (ங) 10 ரூபாய் (ச) 25 ரூபாய்

ஆ. பிரித்து எழுதுக.

வெந்நீர், நாற்பது, மறுசுழற்சி, நுண்ணிழை

இ. எதிர்ச்சொல் எழுதுக.

மிதத்தல், ஈரம், தூய்மை, மிகுதி

ஈ. எடுத்துக்காட்டில் உள்ளவாறு மாற்றி எழுதுக.

எடுத்துக்காட்டு: தொழிலாளர்கள் பாட்டில்களைப் பிரிக்கின்றனர். – பாட்டில்கள் தொழிலாளர்களால் பிரிக்கப்படுகின்றன.

1. எந்திரம் பாட்டில்களை வெட்டுகிறது.
2. வணிகர் பொதிகளை ஆலைக்கு அனுப்புகிறார்.
3. கழிவு சேகரிப்போர் ஒரு சங்கத்தை அமைத்தனர்.

உ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நிறமற்ற பாட்டிலுக்கு விலை மிகுதியாக இருப்பது ஏன்?
2. உருக்குவதற்கு முன் செதில்களை ஏன் நன்கு உலர்த்த வேண்டும்?
3. பிவிசி மேலுறையால் விளையும் தீமை யாது?
4. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வழக்கத்திற்கும் வைப்புத்தொகைத் திட்டத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது?

ஊ. விரிவாக விடை எழுதுக.

1. காலிப் பாட்டில் நடைமேடையிலிருந்து இழையாக மாறும் வரை கடந்து செல்லும் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. ‘பாட்டில் ஆடையாவது வட்டமன்று, சரிவு’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

எ. சிந்தித்துக் கலந்துரையாடுக.

வைப்புத்தொகைத் திட்டம் வந்தால் பாட்டில் வாங்கியவரே அதனைத் திருப்பித் தந்துவிடுவார். அப்போது கழிவு சேகரிப்போரின் வருவாய் என்னவாகும்? அவர்களுக்கு அத்திட்டத்தில் என்னென்ன பணிகள் வழங்கலாம்?

ஏ. செயல்பாடு

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் சேரும் பெட் பாட்டில்களை எண்ணுக. ஒன்றின் எடையை 25 கிராம் எனக் கொண்டு, ஓராண்டில் எத்தனை கிலோ சேரும் எனக் கணக்கிடுக.
2. நீங்கள் வாழும் ஊரில் பழைய பொருள் வாங்குபவரை எப்பெயரால் அழைக்கின்றனர்? வகுப்பு நண்பர்களின் ஊர்களில் வழங்கும் பெயர்களையும், அவற்றுக்குத் தாத்தா பாட்டி கூறும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டு அட்டவணைப்படுத்துக.
3. வீட்டிற்குக் கழிவு பெற வருபவரிடம் பெற்றோரின் துணையோடு பேசி, அவர் பணியைப் பற்றிப் பத்துத் தொடர்கள் எழுதுக. அவருக்கு எவ்வகையில் கழிவைக் கொடுத்தால் எளிதாக இருக்கும் என்பதையும் கேட்டு எழுதுக.